என்ஃபீல்டுக்கு இரண்டு சைலன்சர்

திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தின் ரெடிச் நகரிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் முதலில் புல்லட் மோட்டார் சைக்கிள்களை வெளியே அனுப்பியது. 1960-களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. வண்டியோடு ஒரு பீரங்கிச் சின்னமும், ‘துப்பாக்கி போலச் செய்யப்பட்டது’ என்ற முத்திரை வாசகமும் வடசென்னைக்கு வந்து சேர்ந்தன. அது வெறும் விளம்பரப் பேச்சல்ல. 1890-களில் என்ஃபீல்டு என்ற ஊரின் அரசுத் துப்பாக்கி ஆலைக்கு நுட்பமான பாகங்கள் செய்துகொடுத்த சைக்கிள் கம்பெனி, அந்த ஊர்ப் பெயரையே சூட்டிக்கொண்டது.

சைலன்சருக்கும் இதே இரட்டைப் பிறப்புதான். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்சிமின் மகன் ஹிராம் பெர்சி மாக்சிம், 1909-இல் துப்பாக்கிச் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சின் புகைபோக்கிகளின் சத்தத்தை அடக்குவதிலும் அவர் ஈடுபட்டார். இரண்டிலும் அடிப்படை ஒன்றே: அழுத்தத்தோடு பாயும் சூடான வாயுவைச் சட்டென்று வெளியே விடாமல், குழாய்க்குள் விரியவும் ஆறவும் இடம் கொடுப்பது.

ஆனால் ஒரு துப்பாக்கிக்கோ எஞ்சினுக்கோ பொருந்தும் சைலன்சர் இன்னொன்றுக்குப் பொருந்தாது. இதற்கு இரண்டாம் உலகப் போர்க்கால டி லைல் கார்பைன் என்ற சைலன்சர் துப்பாக்கியைவிட நல்ல சாட்சி கிடையாது. நம் ஊர்க் காவலர்கள் பல காலம் தோளில் சுமந்த அதே லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் உடலில்தான் அதைக் கட்டினார்கள். அதன் .303 தோட்டாவை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் பாயும் தோட்டா, ஒலியின் வேகமான சுமார் 340 மீட்டரைத் தாண்டுவதால் காற்றைக் கிழித்துக்கொண்டே போகும். அந்த வெடிப்பொலி பிறப்பது குழாய்க்கு வெளியே. எந்தச் சைலன்சரும் அதைத் தொட முடியாது. அதனால் பருத்து, மெதுவாகப் போகும் .45 தோட்டாவைத் தேர்ந்தார்கள். முதலில் தோட்டா, பிறகுதான் சைலன்சர். நூற்றுச் சொச்சமே செய்யப்பட்ட அந்தத் துப்பாக்கி, போருக்குப் பின் மலாயாக் காடுகளிலும் புழங்கியது.

திருவொற்றியூர்ப் புல்லட்டின் கணக்கும் இதுவே: முதலில் எஞ்சின், பிறகுதான் சைலன்சர். 70 மி.மீ. அகலம், 90 மி.மீ. வீச்சு, 346 சி.சி., ஒரே சிலிண்டர். நின்ற இடத்தில் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடினால், நொடிக்கு எட்டு முறைதான் வெடிக்கும். காது அந்த அடிகளைத் தனித்தனியாகப் பிடிக்கிறது. அதுதான் ‘டப் டப்’. நீண்ட வீச்சும் நிதானமான வேகமும் கொடுத்த அந்த ஓசையை எல்லை தாண்டவிடாமல் வைத்திருந்தது அந்த எஞ்சினுக்கென்றே அமைந்த சைலன்சர். 2010-ஐ ஒட்டிப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் போய் ஒருங்கிணைந்த எஞ்சின் வந்தபோது ஓசையும் மாறியது. பழைய ரசிகர்களின் வருத்தம் நியாயமானதே.

அந்த வருத்தத்தில்தான் ஷார்ட் பாட்டில், லாங் பாட்டில் என்ற மாற்றுச் சைலன்சர்கள் விற்கின்றன. உள்ளிருக்கும் தடுப்பைப் பிடுங்கிவிட்டு இரவில் தெருவை எழுப்புகிறவர்களுக்கு இந்த நியாயம் செல்லாது. நம் ஆயுத விதிகள் துப்பாக்கிச் சைலன்சரைத் தடைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. மோட்டார் வாகன விதி 120-ஓ வண்டிக்குச் சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. ஒலி வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், சிறையும் உண்டு.

சட்டத்துக்கு முன்பே எஞ்சின் முறையிட்டுவிடும். புகை தடையின்றிப் போனால் கார்பரேட்டரில் காற்றுக்கும் பெட்ரோலுக்கும் இருந்த கணக்கு தவறும். அனுபவமுள்ள மெக்கானிக் சைலன்சரை மாற்றிய வண்டியைச் சிறிது தூரம் ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி முனையைப் பார்ப்பார். காப்பிப்பொடி நிறமென்றால் திரும்ப மாட்டுவார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பெரிய ஜெட் போட வேண்டும் அல்லது கம்பெனிச் சைலன்சரையே மாட்ட வேண்டும்.