பீங்கான் ஓவியத் தகடு

பீங்கான் ஓவியத் தகடு என்பது தட்டையான வெண்பீங்கானின் மீது ஓவியம் தீட்டி, மீண்டும் சூளையிலிட்டு நிலைப்படுத்தப்பட்ட அலங்காரப் பொருள் ஆகும். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியில் இவை பெருமளவில் உருவாக்கப்பட்டன. கிரேக்க, ரோமானியத் தொன்மக் காட்சிகள் இவற்றில் பரவலாக இடம்பெற்றன.

வரலாறு

நெடுங்காலம் சீனாவிலிருந்து பீங்கானை இறக்குமதி செய்துவந்த ஐரோப்பாவில், 1710 ஆம் ஆண்டு ஜெர்மனியின் மைசன் நகரில் முதல் கடினப் பீங்கான் தொழிலகம் அமைந்தது. 1763 இல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் பெர்லினில் இருந்த பீங்கான் தொழிலகத்தை வாங்கி, அரச தொழிலகமாக்கினார். இது அதன் ஜெர்மன் பெயரின் முதலெழுத்துகளால் கே.பி.எம். என அழைக்கப்படுகிறது. ஓவியத் தகடுகளுக்கு இத்தொழிலகமே பெரிதும் புகழ்பெற்றது.

செய்முறை

பளபளப்புப் பூச்சிட்ட தகடு ஏறத்தாழ 1400 பாகை செல்சியசில் சுடப்படும். அவ்வெப்பத்தில் தட்டையான பீங்கான் எளிதில் வளையும் என்பதால் பெரிய தகடுகளை உருவாக்குவது கடினம். உலோக ஆக்சைடுகள் கலந்த வண்ணங்களால் ஓவியம் தீட்டியபின், ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் பலமுறை சுடப்படும். சூளையில் ஒருமுறை தவறினாலும் முழு உழைப்பும் வீணாகலாம். ஆயினும் முறையாகச் சுடப்பட்ட வண்ணங்கள் ஒளியால் எளிதில் மங்குவதில்லை.

கருப்பொருள்கள்

பெரும்பாலானவை புகழ்பெற்ற ஓவியங்களின் படிகளே. பவுல் தூமான் (1834–1908) வரைந்த சைக்கி, ஊழ்த் தேவதையர் மூவர் ஆகிய ஓவியங்கள் பலமுறை படியெடுக்கப்பட்டன.

முத்திரையும் ஓவியரும்

கே.பி.எம். தகடுகளின் பின்புறத்தில் செங்கோல் சின்னமும் அம்மூன்று எழுத்துகளும் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். இம்முத்திரை பீங்கான் எங்கு உருவானது என்பதை மட்டுமே காட்டும். ஓவியம் எங்கு வரையப்பட்டது என்பதைக் காட்டாது. ஓவியம் தீட்டாத வெற்றுத் தகடுகளைத் தொழிலகம் வெளியாருக்கும் விற்றமையே இதற்குக் காரணம். எனவே ஒரே முத்திரை கொண்ட தகடுகளின் ஓவியத் தரம் பெரிதும் வேறுபடுகிறது. போலி முத்திரைகளும் உண்டு. ஆகவே மதிப்பிடுவோர் முத்திரையோடு ஓவியத்தின் நுணுக்கத்தையும் ஓவியரின் கையொப்பத்தையும் ஆராய்கின்றனர்.

இந்தியத் தொடர்பு

இதே காலகட்டத்தில் இந்தியாவிலும் தொன்மக் காட்சிகள் வீட்டுச் சுவர்களை அடைந்தன. இங்கு அதற்கு அச்சுக்கலை உதவியது. ராஜா ரவி வர்மா 1894 இல் தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மானியத் தொழில்நுட்பர்கள் பணியாற்றினர். பின்னர் இந்தியச் சந்தைக்கென இந்துக் கடவுளரின் பீங்கான் உருவங்களும் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டன.