குழந்தைகளுக்கான மூளைத் தூண்டல் சிகிச்சை

அறுவை சிகிச்சையின்றி, தலைக்கு வெளியிலிருந்தே காந்தத் துடிப்பையோ மெல்லிய மின்னோட்டத்தையோ செலுத்தி மூளையின் செயல்பாட்டை மாற்றும் முறை. காந்தத் தூண்டலை (டி.எம்.எஸ்.) 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் குழுவினர் அறிமுகப்படுத்தினர். தலையருகே வைத்த கம்பிச்சுருளில் மின்சாரம் கணநேரம் பாயும்போது எழும் காந்தப்புலம், மண்டையோட்டைக் கடந்து மூளைப் புறணியில் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. நேர்மின்னோட்டத் தூண்டல் (டி.டி.சி.எஸ்.) இன்னும் எளியது, உப்புநீரில் நனைத்த பஞ்சு மின்முனைகள் வழியே பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லியாம்பியர் மட்டுமே செலுத்தப்படும்.

குழந்தைகளிடம் இம்முறை கவனமாக ஆராயப்பட்ட நோய்களுள் ஒன்று, பிறப்பையொட்டி வரும் பக்கவாதம். இதனால் பாதிக்கப்பட்ட, ஒரு வயது நிறையாத குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரே கையை நீட்டும், மறு கையை மூடியே வைத்திருக்கும். இடக்கைப் பழக்கம் என்று வீட்டில் விட்டுவிடுவதும் உண்டு. இக்குழந்தைகள் பலரிடம் பாதிக்கப்படாத பக்க மூளையே இரு கைகளையும் இயக்க முனைகிறது; பாதிக்கப்பட்ட பக்கத்தில் எஞ்சிய நரம்புப் பாதைகள் போட்டியில் பின்தங்குகின்றன. எனவே நலமான பக்கத்துக்கு நொடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்து அதைச் சற்று அடக்குகிறார்கள். தூண்டினால் கட்டைவிரல் துடிக்கும் இடத்தைத் தலையில் தேடிக் கண்டுபிடித்து அங்கே சுருளை வைப்பார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ‘டக்’கென்று ஓசை எழுவதால் காதடைப்பான் கட்டாயம்.

தூண்டல் மட்டும் கையை மீட்டுத் தருவதில்லை. கனடாவின் கால்கரியில் ஆடம் கிர்ட்டன் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 45 பேர் இரண்டு வார முகாமில் தீவிரக் கைப்பயிற்சி பெற்றனர். காந்தத் தூண்டலையும், நல்ல கையைக் கட்டுப்படுத்தி மற்றதைப் பழக்கும் முறையையும் சேர்த்துப் பெற்றவர்களிடமே முன்னேற்றம் மிகுதி. பின்னர் அதே குழு மின்னோட்டத் தூண்டலைச் சோதித்தபோது, கையின் திறனை அளந்த சோதனைகளில் கூடுதல் பலன் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

தலைவலி, தோலில் குறுகுறுப்பு ஆகியவை வழக்கமான பக்கவிளைவுகள். காந்தத் தூண்டலில் வலிப்பு அரிதாக வரலாம். செவிச்சுருள் கருவி பொருத்திய குழந்தைகளுக்குக் காந்தத் தூண்டல் கூடாது. குழந்தையின் மண்டையோடு மெல்லியது. பெரியவர்களுக்கான அளவு மின்னோட்டம் குழந்தையின் மூளையில் வலுவாகவே பாயும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024இல் 15 வயது முதலான பதின்பருவத்தினரின் மனச்சோர்வுக்குத் துணைச் சிகிச்சையாகக் காந்தத் தூண்டலை ஏற்றது. ஆட்டிசத்துக்கு அத்தகைய ஏற்பு இல்லை. அதற்கான சான்று இன்னும் திரளாத நிலையில், தீர்வு என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்குவது முறையல்ல.