பிரெஞ்சு வெள்ளி ஜெத்தோன்

ஜெத்தோன் என்பது பிரான்சில் கணக்குப் போடுவதற்காக அச்சிடப்பட்ட உலோக வில்லை. பார்வைக்கு நாணயம் போலவே இருக்கும்; ஆனால் செலாவணிக்கு உரியதன்று. ‘எறி’, ‘வீசு’ என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது. பழம்பொருள் கடைகளில் வெள்ளி ஜெத்தோன்கள் பெரும்பாலும் சூதாட்ட வில்லைகள் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அது பாதி உண்மைதான். சீட்டாட்ட மேசைக்கு அவை பிற்பாடு வந்து சேர்ந்தன. அவற்றை அடித்த காரணம் வேறு.

13ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அரண்மனைக் கணக்கர்கள் கோடிட்ட பலகையில் வில்லைகளை நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். அடிக்கோட்டில் வைத்தால் ஒன்று, அடுத்த கோட்டில் பத்து, அதற்கும் மேலே நூறு. வில்லைக்கென்று தனி மதிப்பு கிடையாது. நிற்கும் இடமே அதன் மதிப்பு. ரோம எண்களை வைத்துக்கொண்டு தாளில் கணக்குப் போடுவது பெரும்பாடு என்பதால் இந்த முறை பல நூற்றாண்டுகள் நிலைத்தது. அக்காலத்து வில்லைகள் செம்பிலும் பித்தளையிலும் ஆனவை. தூர்னே நகரமும், பின்னர் ஜெர்மனியின் நியூரம்பெர்க்கும் அவற்றை ஏராளமாக அடித்துத் தள்ளின. 1673இல் அரங்கேறிய மோலியேரின் ‘கற்பனை நோயாளி’ நாடகம், மருந்துக்கடைக் கணக்கை நாயகன் ஜெத்தோன்களால் சரிபார்க்கும் காட்சியோடுதான் தொடங்குகிறது. பாசாங்குக்காரரைப் பிரெஞ்சுக்காரர் இன்றும் ‘ஃபோ ஜெத்தோன்’, அதாவது பொய் வில்லை, என்கிறார்கள். நாணயம் போலத் தோன்றி ஏமாற்றியதால் வந்த பெயர் அது.

வெள்ளி இதற்குள் வந்தது அன்பளிப்பின் வழியாக. புத்தாண்டில் அரசு அலுவலகங்கள் தம் அதிகாரிகளுக்கு ஜெத்தோன் வழங்கும் வழக்கம் வளர்ந்தது. நூறு வில்லைகள் கொண்ட பை என்பது வழக்கமான அளவு. நான்காம் ஹென்றியின் நிதி அமைச்சர் சுல்லி, தாமே வாசகமும் உருவமும் தேர்ந்து அடிப்பித்த ஜெத்தோன்களை ஆண்டுதோறும் மன்னருக்குக் கொடுத்தார். தொழில்நுட்பமும் கைகொடுத்தது. 1550களில் இரண்டாம் ஹென்றி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கிலிருந்து நாணய இயந்திரங்களைப் பாரிஸுக்கு வரவழைத்தார். தங்கள் பிழைப்புக்கு உலை வந்தது என்று சுத்தியலால் நாணயம் அடித்துவந்தவர்கள் எதிர்த்தார்கள். அதனால் அந்த இயந்திரச்சாலை பெரும்பாலும் பதக்கங்களையும் ஜெத்தோன்களையும் அடிக்கும் இடமாக ஒதுக்கப்பட்டது. சுத்தியல் நாணயம் பிரான்சில் 1645இல்தான் முற்றாக நின்றது. ஆகவே, அக்காலத்து நாணயங்கள் பல கோணல்மாணலாக இருக்க, அதே காலத்து ஜெத்தோன் சீரான வட்டமாகவும் எழுத்து துலக்கமாகவும் இருப்பதில் வியப்பில்லை.

இதன் பொற்காலம் பதினான்காம் லூயியின் ஆட்சி. அமைச்சர் கொல்பேர் 1663இல் ஒரு சிறு கல்விக்கழகத்தை அமைத்து, பதக்கங்களிலும் ஜெத்தோன்களிலும் பொறிக்க வேண்டிய லத்தீன் வாசகங்களை ஆக்கும் பணியைக் கொடுத்தார். நாடகாசிரியர் ரசீன் பின்னர் அதில் உறுப்பினரானார். அரசுக் கருவூலம், கடற்படை, போர்ச்செலவு, அரண்மனைக் கட்டடங்கள் என்று ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கொரு ஜெத்தோன் வெளியிட்டது. ஒரு பக்கம் அரசரின் தலை. மறுபக்கம் ஒரு படமும் அதற்கேற்ற நறுக்கான வாசகமும். முப்பது மில்லிமீட்டர் விட்டத்துக்குள் ஓர் ஆண்டின் பெருமிதத்தை அடக்கிவிடும் இந்தக் கலை எனக்குப் பதக்கங்களைவிட உயர்ந்ததாகத் தெரிகிறது. ஜான் துவிவியே, அவர் மகன் பெஞ்சமின் துவிவியே, ரோத்தியே குடும்பத்தார் ஆகியோர் இதில் கைதேர்ந்த செதுக்குநர்கள். பெஞ்சமின், பின்னாளில் ஜார்ஜ் வாஷிங்டனின் பாஸ்டன் வெற்றிப் பதக்கத்தையும் செதுக்கினார்.

1751 முதல் 1758 வரை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கென்று வெளிவந்த தொடர் தனிக் கவனத்துக்குரியது. ஒன்றில் லில்லி மலர்களும் அமெரிக்கப் பழங்குடி ஒருவரும். இன்னொன்றில் மரத்தைக் கடிக்கும் பீவர்கள். கனடாவின் தோல் வணிகத்தை நினைவூட்டும் இந்த வில்லைகளுக்கு வட அமெரிக்காவில் இன்றும் போட்டி அதிகம். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு இந்தியக் கம்பெனியும் ஜெத்தோன்கள் வெளியிட்டது.

இதற்கிடையே ஜெத்தோனுக்கு இன்னொரு வேலை கிடைத்தது. பிரெஞ்சு அகாதெமியின் உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வராமலிருப்பதைக் கண்ட கொல்பேர், அமர்வு ஒன்றுக்கு நாற்பது வெள்ளி ஜெத்தோன்களை வந்தவர்களுக்கு மட்டும் பங்கிட ஏற்பாடு செய்தார். வராதவர் பங்கு வந்தவருக்கு! இதன் எச்சமாக, நிறுவனங்களின் நிர்வாகக் குழு உறுப்பினர்களின் படிக்கு ‘வருகை ஜெத்தோன்’ என்ற பெயர் பிரெஞ்சு நிறுவனச் சட்டத்தில் 2019 வரை நீடித்தது.

பேனாவும் அரபு எண்களும் கணக்குப் பலகையை ஓரங்கட்டியபின், பைபையாய்ச் சேர்ந்த வெள்ளி வில்லைகளுக்கு வீட்டில் என்ன வேலை? சீட்டாட்டம்தான். 18ஆம் நூற்றாண்டுக் கூடங்களில் ஓம்பர், காத்ரீய் போன்ற ஆட்டங்களுக்குப் பணயம் வைக்க அவை பயன்பட்டன. ஒரு வில்லைக்கு என்ன விலை என்று ஆட்டத்துக்கு முன் பேசிவைத்து, எழும்போது காசாகத் தீர்ப்பார்கள். மரியவால் என்ற பாரிஸ் கைவினைஞரின் சாயமேற்றிய தந்த வில்லைகளும், சீனாவின் காண்டனிலிருந்து வந்த சிப்பி வில்லைகளும் ஆட்டத்துக்கென்றே பிறந்தவை. வெள்ளி ஜெத்தோன் அப்படியல்ல. கருவூலத்தின் பெயரைச் சுமந்தபடியே சீட்டுக்கட்டின் அருகே உட்கார்ந்தது.

1793இல் அரச கழகங்கள் கலைக்கப்பட்டன. புரட்சிக் காலத்தில் ஏராளமான வெள்ளி உருக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் நோட்டரிகள், காப்பீட்டு நிறுவனங்கள், வணிகச் சபைகள், வங்கிகள் ஜெத்தோன் வெளியிடும் வழக்கத்தைத் தொடர்ந்தன. எண்கோண வில்லைகள் பெரும்பாலும் இக்காலத்தவை.

சேகரிப்பாளருக்கு முதல் வழிகாட்டி ஃபொயார்தான் என்பவர் 1904 முதல் 1915 வரை வெளியிட்ட பட்டியல்; அதன் எண்களைச் சொல்லித்தான் இன்றும் ஏலங்கள் நடக்கின்றன. கணக்குப் பலகையோடு சேர்த்துப் படிக்க விரும்புவோருக்கு பார்னார்டின் 1916 நூல். ஆனால் புத்தகத்துக்கும் முன் பார்க்கவேண்டியது விளிம்பு. பாரிஸ் நாணயச்சாலை பழைய அச்சுகளைக் கொண்டே ஜெத்தோன்களை மறுபடி அடித்து விற்றிருக்கிறது. லூயியின் தலை ஒன்றுதான், வயது வேறு; அதை விளிம்புச் சின்னமே சொல்லும். 1832 முதல் 1841 வரை விளிம்பில் விளக்குச் சின்னம். பிறகு சிறிது காலம் நங்கூரம். 1842 முதல் 1845 வரை கப்பல் முகப்பு. 1860 வரை சுட்டும் கை. 1879 வரை தேனீ. 1880 முதல் வளக்கொம்பு. பதினான்காம் லூயியின் ஆண்டைச் சுமந்த வில்லையின் விளிம்பில் தேனீ இருந்தால், அது மூன்றாம் நெப்போலியன் அரியணை ஏறிய பிறகு அடிக்கப்பட்டது. அத்தகைய மறு அச்சு பெரும்பாலும் கீறலின்றிப் பளபளக்கும். மூக்கு தேய்ந்து, பின்புல வெள்ளி மங்கிய அசல் வில்லையே எனக்கு உயர்வு. பல கைகள் அதை மேசைமேல் தள்ளியிருக்கின்றன. அந்தத் தேய்மானத்தை மெருகு போட்டு அழிப்பவர் வில்லையின் வாழ்க்கையில் பாதியை அழிக்கிறார்.