முந்நூறு பவுண்டில் நந்தா தேவி

1933-இல் எவரெஸ்ட் ஏறப் போன பிரிட்டிஷ் குழுவின் சாமான்களைத் திபெத் வழியாகச் சுமந்து செல்ல நூற்றுக்கணக்கான பொதி மிருகங்கள் தேவைப்பட்டன. செலவு பத்தாயிரம் பவுண்டுக்கும் மேல். உச்சி மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் குழுவில் கடைசி முகாம் வரை ஏறியவர்களில் ஒருவர் எரிக் ஷிப்டன். ஊர் திரும்பிய அவருக்கு ஒரு சந்தேகம்: இமயமலைக்குப் போக இத்தனை மூட்டை முடிச்சு எதற்கு?

பெரிய குழு அமைக்க அவரிடம் பணமும் இல்லை. கென்யாவில் காபித் தோட்டம் வைத்திருந்தவர், அவ்வளவுதான். அங்கே அவரோடு மலையேறிய நண்பர் ஹெச். டபிள்யூ. டில்மனும் காபி பயிரிட்டவர்தான். டில்மன் வேறு ஜாதி மனிதர். 1933-இல் ஆப்பிரிக்காவைக் கிழக்கிலிருந்து மேற்காக சைக்கிளிலேயே கடந்தவர்! இங்கிலாந்து வந்ததும், 'லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் இரண்டு வாரம் ஏறலாமா' என்று ஷிப்டனைக் கேட்டார். ஷிப்டன் பதிலுக்கு, 'இமயமலையில் ஏழு மாதம் சுற்றலாமா' என்று கேட்டார். டில்மன் சரி என்றுவிட்டார்.

போக நினைத்த இடம் சாதாரணமானது அல்ல. கட்வால் இமயமலையில் 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவியைச் சுற்றி, கோட்டைச் சுவர் மாதிரி ஒரு மலை வளையம். அந்தச் சுவரில் இருக்கும் ஒரே ஓட்டை ரிஷி கங்கை ஆறு வெளியேறும் செங்குத்தான பள்ளம். 1883-இல் கிரஹாம் முயன்றார், முடியவில்லை. லாங்ஸ்டாஃப் 1905-இல் சுவரின் மேலிருந்து உள்ளே எட்டிப் பார்த்ததோடு சரி. ஹியூ ரட்லெட்ஜ் மூன்று முறை முயன்று தோற்றார். (1933 எவரெஸ்ட் குழுவுக்குத் தலைவரும் இதே ரட்லெட்ஜ்தான்.) இத்தனை பேர் முயன்றும் மலையின் அடிவாரத்தை ஒருவர்கூட மிதித்ததில்லை.

இருவரும் போட்ட பட்ஜெட், கப்பல் பயணம் உட்பட ஆளுக்குச் சுமார் 150 பவுண்டு. உறையின் பின்பக்கத்தில் அரை மணி நேரத்தில் எழுதி முடிக்க முடியாத திட்டம் நல்ல திட்டமே இல்லை என்பது இவர்களுடைய கொள்கையாகச் சொல்லப்படுவது. கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது.

ஒரு சுமைகாரர் 25 கிலோ தூக்குகிறார், ஒரு நாளைக்கு ஒரு கிலோ மாவு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஊரே இல்லை. பன்னிரண்டு நாள் நடந்து போய், பன்னிரண்டு நாள் நடந்து திரும்பினால், அவர் சுமந்தது கிட்டத்தட்ட முழுவதும் அவர் வயிற்றுக்கே போய்விடும். அவர் தூக்கி வந்ததாகக் கணக்கில் நிற்பது ஒரு கிலோ! ஆகவே மலையில் ஒரு நாற்காலியோ ஒரு பெட்டி டின் உணவோ கூடினால் ஒரு ஆள் மட்டும் கூடுவதில்லை. அந்த ஆளுக்குச் சோறு சுமக்க இன்னொரு ஆள், அவருக்குச் சுமக்க இன்னும் ஒருவர் என்று நீண்டுகொண்டே போகும். 1924 எவரெஸ்ட் குழு ஷாம்பெயின் பாட்டில்களும் காடை இறைச்சி டின்களும் கொண்டு போனது. திபெத் சமவெளியில் கழுதையும் யாக்கும் நடக்கும், அதனால் அது நடந்தது. ரிஷி கங்கைப் பள்ளத்தில் ஆடு நடப்பதே கஷ்டம். அங்கே சிக்கனம் என்பது பணத்தை மிச்சம் பிடிக்கும் வழி மட்டுமல்ல, உள்ளே நுழைவதற்கான வழியும் அதுதான்.

1934 ஏப்ரலில் சரக்குக் கப்பலில் கிளம்பி கல்கத்தா வந்தார்கள். டார்ஜிலிங்கிலிருந்து அங் தார்க்கே, பசாங், குசாங் என்ற மூன்று ஷெர்பாக்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். ரயிலில் காத்கோடம், பிறகு ராணிகேத், அங்கிருந்து ஜோஷிமட்டுக்கு நடை. பள்ளத்தின் மேல்பகுதியில் ஐந்து பேரும் தாங்களே சுமந்தார்கள். முதுகில் கொள்ளும் அளவு தூக்கிப் போய் வைத்துவிட்டு, மீதியை எடுக்கத் திரும்பி வருவது. கடைசிச் சில மைல்களைத் தாண்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பல இடங்களில் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டு நகரும் அளவே பாறைத்திட்டு, கீழே ஆறு. ஜூன் தொடக்கத்தில் வளையத்துக்குள் போய்விட்டார்கள். உள்ளே புல்வெளி, பூக்கள், மனிதனைக் கண்டு மிரளாத காட்டாடுகள்! பாதிப் பகுதியை வரைபடமாக்கிவிட்டு, மழைக்காலத்துக்கு முன் வெளியே வந்தார்கள்.

இந்தச் சிக்கனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதே மழைக்காலத்தில் பத்ரிநாத்திலிருந்து மலையைத் தாண்டி கேதார்நாத் பக்கம் போகப் பார்த்தார்கள். பழங்காலத்தில் ஒரே பூசாரி ஒரே நாளில் இரண்டு கோயில்களிலும் பூஜை செய்தார் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதில் பாதி உண்மை இருந்தால்கூட இவர்கள் பிழைத்திருப்பார்கள் :-) இறங்கிய இடம் அடர்ந்த காடு. உணவு தீர்ந்து, நாட்கணக்கில் மூங்கில் குருத்தும் காளானும் தின்று நடந்தார்கள், அந்தக் குருத்துக்கும் கரடிகள் போட்டி! கணக்கு இறுக்கமாக இருந்தால் ஒரு தப்பான பள்ளத்தாக்கு போதும், கதை முடிந்துவிடும். இவர்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது என்பதை இந்தப் பயணத்தைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அதே 1934-இல் ஜெர்மன் குழு ஒன்று நூற்றுக்கணக்கான சுமைகாரர்களோடு நங்கா பர்பத் போனது. உச்சிக்குப் பக்கத்தில் புயல் பிடித்துக்கொள்ள, நீண்ட முகட்டில் ஆங்காங்கே சிதறி, தலைவர் மெர்க்ல் உட்பட மூன்று ஜெர்மானியரும் ஆறு ஷெர்பாக்களும் இறந்தார்கள். இரண்டையும் நேராக ஒப்பிடுவது நியாயமில்லை. அவர்கள் எட்டாயிரம் மீட்டர் உச்சியைக் குறிவைத்தவர்கள், ஷிப்டன் வழி தேடப் போனவர். ஆனால் குழு பெரிதானால் பாதுகாப்பும் பெருகும் என்ற நம்பிக்கையை அந்தப் புயல் ஆட்டிப் பார்த்தது உண்மை.

செப்டம்பரில் மறுபடி உள்ளே போய் மீதியையும் பார்த்துவிட்டு, தெற்குச் சுவரை சுந்தர்துங்கா கணவாய் வழியாகத் தாண்டி வெளியேறினார்கள். ஊர் திரும்பி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது இருவருக்கும் சேர்த்து 300 பவுண்டைத் தாண்டவில்லை. அந்தத் தொகை அவ்வளவு சிறியதாக இருந்ததற்கு ஷெர்பாக்களின் கூலி மிகக் குறைவாக இருந்ததும் ஒரு காரணம். காலனி ஆட்சிக் காலத்துக் கணக்கு அது. ஆனாலும் தொரைமார் முன்னால் கைவீசி நடக்க, கூலிகள் பின்னால் சுமந்து போகும் வழக்கம் இங்கே இல்லை. ஐந்து பேரும் சுமந்தார்கள், ஐந்து பேரும் ஒரே மாவைத் தின்றார்கள். அன்றைக்கு இது அபூர்வம்.

1936-இல் இதே வழியில் போய் டில்மனும் ஓடெல்லும் நந்தா தேவி உச்சியை எட்டினார்கள். 1938 எவரெஸ்ட் குழுவை டில்மன் 2,360 பவுண்டில் நடத்தினார். சாப்பாடு போதவில்லை என்று ஓடெல்லே அதில் குறைப்பட்டுக்கொண்டார். உச்சியும் கிடைக்கவில்லை. 1952-இல் எவரெஸ்ட் தலைமையை ஷிப்டனிடமிருந்து எடுத்து ஜான் ஹன்ட்டிடம் கொடுத்தார்கள். சிறு குழுவை விரும்பும் ஆள் இதற்குச் சரிப்படமாட்டார் என்ற எண்ணம் அதில் இருந்தது. ஹன்ட் நூற்றுக்கணக்கான சுமைகாரர்களோடு போனார், 1953 மே 29 அன்று அந்தக் குழு வென்றது. உச்சியில் நின்ற இருவரில் ஒருவரான டென்சிங்கை, 1935-இல் ஆளுக்கு 200 பவுண்டு கணக்கில் கிளம்பிய ஒரு சிறு குழுவுக்காக டார்ஜிலிங்கில் முதன்முதலில் வேலைக்கு எடுத்தவர் ஷிப்டன்.