பாம்புக்கு ஒதுக்கிய நாலு சென்ட்

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷம். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டைச் சுற்றி நாற்பது சென்ட் தோட்டம். அதில் தென்மேற்கு மூலையில் நாலு சென்ட் மட்டும் காடாகக் கிடக்கிறது. ஏழிலைப்பாலை, எட்டி, ஒரு மகிழமரம், பெயர் தெரியாத கொடிகள். நடுவில் பாசி படிந்த நாகக்கல். வந்த புதிதில் "ஆள் விட்டு வெட்டிடலாமா?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டேன். விருதுநகர்க்காரனுக்குப் புதர் என்றால் வெட்ட வேண்டியது, அவ்வளவுதான் தெரியும்! அந்த அம்மா பதறிப்போய், "ஐயோ சாரே, அது அவருடெ ஸ்தலமா" என்றார்.

அவர் என்றால் பாம்பு.

போன பங்குனியில், கொன்றை பூத்திருந்த நேரம், அந்த மூலையில் இரண்டு சாரைகள் ஆளுயரத்துக்கு எழுந்து பின்னிக்கொண்டு நின்றன. எங்கள் ஊரில் சாரையும் நல்லதும் பிணைகிறது என்று சொல்லி வேட்டியை வீசுவார்கள். உண்மையில் அது இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். அன்றிலிருந்துதான் இந்தக் காவு சமாசாரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்த ஊர்ப் பெயரே பாம்பின் பெயர்தான். பத்மநாபசுவாமி கோயில் இருக்கும் இடம் முன்பு அனந்தன்காடு என்கிறது தலபுராணம். பரசுராமர் கடலிலிருந்து மீட்ட நிலம் உப்புக் கரித்ததாம். நாகங்களை வேண்டி உப்பை நீக்கி, பதிலுக்கு அவற்றுக்கு இடம் ஒதுக்கினாராம். கதைதான். ஆனால் ஒரு குத்தகை ஒப்பந்தம் மாதிரி இல்லை? (வங்கிக்காரன் புத்தி!)

ஒப்பந்தத்தை ஜனங்களும் காப்பாற்றினார்கள். தறவாட்டுத் தோட்டத்தில் ஒரு மூலை காவு. அங்கே கத்தி படக்கூடாது, சுள்ளி பொறுக்கக்கூடாது, சாயங்காலம் ஒரு விளக்கு, ஆயில்யத்துக்கு நூறும் பாலும். இயற்கை மேல் காதல் என்றெல்லாம் இதை நான் சொல்லமாட்டேன். பயம்தான். ஆனால் அந்தப் பயத்தின் நிழலில் கீரி, மரநாய், செம்போத்து எல்லாம் குடும்பம் நடத்தின. மரவள்ளியைக் குடையும் எலியைச் சாரை பார்த்துக்கொண்டது. 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூரை அளந்த வார்டும் கானரும் சுமார் 15,000 காவுகள் இருந்ததாகக் கணக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு? கோடரியை விட நான் குற்றம் சொல்வது பாகப்பிரிவினையை. மருமக்கத்தாயக் குடும்பச் சொத்து யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, ஆகவே காவும் யார் பங்கிலும் இல்லை. 1925 நாயர் சட்டம் ஆளுக்கொரு பங்கு பிரிக்க வழி செய்தது. கேரளத்தின் 1975 கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் 1976 டிசம்பர் 1-ல் அமலுக்கு வந்து மிச்சத்தையும் முடித்தது. தப்பே சொல்லமாட்டேன், ஒரு காரணவரின் கையை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு அது விடுதலை. ஆனால் ஆளுக்குப் பத்து சென்ட் வரும்போது, நாலு சென்ட் பாம்புக்கு என்றால் யார் விடுவார்?

அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூஜை செய்து நாகங்களை ஆவாகித்து, ஹரிப்பாட்டுக்குப் பக்கத்தில் மண்ணாறசாலை மாதிரிப் பெரிய காவுகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். கல்லும் போய்விடும். சாமியை இடம் மாற்றலாம், சரி. எட்டிமரத்தடியில் முட்டையிடும் சாரைக்கு யார் போய்ச் சொல்வது? அது பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டுக்குத்தான் போகும். அப்புறம் கூச்சல், வனத்துறைக்குப் போன்.

இந்த வீட்டுக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது. நான்கு பிள்ளைகள், மூன்று பேர் வளைகுடாவில். கடைசிப் பையன் பங்கில் தென்மேற்கு மூலை. வீட்டுக்கடன் பற்றி விசாரிக்க என்னிடமே வந்தான். அவன் கொண்டுவந்த வரைபடத்தில் காவு இருக்கும் இடத்தில் கட்டம் போட்டு 'காலி இடம்' என்று எழுதியிருந்தது.

அன்று சாயங்காலம் அந்த அம்மா விளக்கு வைத்துவிட்டு வந்து கேட்டார்: "சாரே, பாங்கு பேப்பர்ல அவருக்கு ஒரு கோளம் உண்டோ?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. முட்டை பொரியும்வரை அஸ்திவாரம் தோண்டாமல் இருக்கச் சொல்லிப் பையனிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.