ஆறாம் பக்கத்திலிருந்து அச்சான நூல்

பள்ளி நோட்டுப் புத்தகத்தின் முதல் தாளைக் கிழித்தவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகத் தெரிந்திருக்கும். ஓரிரு நாளில் கடைசித் தாளும் தானே கழன்று கையோடு வந்துவிடும். ஆசிரியரிடம் அகப்பட்டுக்கொள்வதும் பெரும்பாலும் அந்தக் கடைசித் தாளால்தான்! முதல் தாளும் கடைசித் தாளும் உண்மையில் ஒரே தாளின் இரு பாதிகள் என்பதே இதற்குக் காரணம்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். 6 ஏடுகள், 12 பக்கங்கள் கொண்ட சிறு நூல் கிடைக்கும். பக்கங்களுக்கு 1 முதல் 12 வரை எண்ணிட்டு, தாள்களைத் தனித்தனியே பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு புறத்தில் 12-உம் 1-உம் இருக்கும். மறுபுறத்தில் 2-உம் 11-உம். நடுத்தாளில் 10, 3. பின்புறம் 4, 9. உள்தாளில் 8, 5. பின்புறம் 6, 7. அருகருகே உள்ள எந்த இரண்டு எண்களைக் கூட்டினாலும் 13 வருகிறது அல்லவா? மொத்தப் பக்கங்களோடு ஒன்றைக் கூட்டினால் வரும் எண் இது.

இந்த எளிய கணக்கு, உலகப் புகழ் பெற்ற நூல் ஒன்றின் வரிகளையே மாற்றியிருக்கிறது.

ஷேக்ஸ்பியர் 1616-இல் காலமானார். 1623-இல் அவருடைய 36 நாடகங்களைத் தொகுத்து, லண்டனில் ஜாகர்டு என்பாரின் அச்சகத்தில் ஒரே பெரிய நூலாக அச்சிட்டனர். பக்கங்கள் ஏறத்தாழ 900. பக்கத்திற்கு இரண்டு பத்திகள், பத்திக்கு 66 வரிகள். ‘மாக்பெத்’ உள்பட 18 நாடகங்கள் அதற்கு முன் அச்சேறியதே இல்லை. அவற்றின் மூலபாடத்திற்கு இந்த ஒரு நூலே ஆதாரம். இந்நூலைத்தான் நாம் மேலே செய்து பார்த்ததுபோல மும்மூன்று தாள்களாக மடித்துத் தைத்தார்கள்.

இப்போது அச்சுக் கோப்பவரின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். உள்தாளின் உட்புறத்தை அச்சிட அவருக்கு 6-ஆம், 7-ஆம் பக்கங்கள் வேண்டும். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகக் கோத்துக்கொண்டு வந்தால், இந்த ஒரு புறத்தை அச்சிடுவதற்குள் ஏழு பக்கங்களின் ஈய எழுத்துகள் கோத்தபடியே நிற்கவேண்டும். ஓர் எழுத்தை வார்ப்பதே செலவு மிகுந்த வேலையாக இருந்த காலம் அது. ஆகவே அவர்கள் வேறு வழியை மேற்கொண்டனர். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் பிரதியின் எவ்வளவு பகுதி அடங்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, 6, 7 பக்கங்களை முதலில் கோத்தனர். அச்சானதும் எழுத்துகளைக் கலைத்து, 5, 8. பிறகு 4, 9. இப்படியே 1, 12 வரை சென்றனர்.

தொல்லை எங்கே என்பது உங்களுக்கே விளங்கியிருக்கும். பின்பாதி முன்னோக்கிச் செல்கிறது. அங்கே ஒரு பக்கத்தில் மிஞ்சியதை அடுத்த பக்கத்தில் தள்ளிவிடலாம். முன்பாதியோ பின்னோக்கி வருகிறது. 6-ஆம் பக்கம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. 5-ஆம் பக்கம் சரியாக அது தொடங்கும் இடத்தில் முடிந்தே ஆகவேண்டும். மதிப்பீடு தவறி வரிகள் மிஞ்சினால், செய்யுள் அடிகளை ஒட்டி உரைநடை போலக் கோத்தார்கள். வரிகள் போதாவிட்டால் ஓர் அடியை இரண்டாக உடைத்தார்கள். உரைநடையைக்கூடச் செய்யுள் போல நறுக்கி வைத்தார்கள். கவிஞரின் அடியமைப்பு என்று படிப்பவர் எண்ணுவது, சில இடங்களில் அச்சுக் கோப்பவரின் இட நெருக்கடியே.

இது எப்படித் தெரிய வந்தது? அமெரிக்க ஆய்வாளர் சார்ல்டன் ஹின்மன், வாஷிங்டனிலுள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் இந்நூலின் பல படிகளை ஒப்பிட்டு, 1963-இல் தம் முடிவுகளை இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். இதற்காக அவரே ஒரு கருவி அமைத்தார். இரு படிகளில் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்து, கண்ணாடிகளால் இரு பிம்பங்களையும் ஓரிடத்தில் விழச் செய்து, விளக்குகளை மாறி மாறி எரியவிடுவது அதன் வேலை. ஒத்த எழுத்துகள் அசையாமல் நிற்கும். மாறுபட்ட எழுத்து மட்டும் துடிக்கும். 1930-இல் கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டதும் இதே தத்துவத்தில்தான்: இரு இரவுகளின் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தபோது ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியது.

வரிசைக்கான சான்று இன்னும் அழகானது. விளிம்பு உடைந்த ஓர் ஈய எழுத்தை அதன் ஊனத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். அந்த ஒரே எழுத்து முதல் ஏழு பக்கங்களில் இரண்டில் தென்பட்டால்? ஏழு பக்கங்களும் ஒரே நேரத்தில் கோத்து நின்றிருக்க முடியாது. ஒரு பொருள் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்காது என்பதற்கு மேல் இதற்கு இயற்பியல் எதுவும் தேவையில்லை!

தாளை மும்முறை மடித்து 16 பக்கங்களாக்கும் முறையும் உண்டு. வெனிஸ் நகரின் ஆல்டஸ் மனூஷியஸ் 1501 முதல் வெளியிட்ட கையடக்க இலக்கிய நூல்கள் இவ்வகையின. இங்கே ஒரு புறத்தில் எட்டுப் பக்கங்கள், பாதி தலைகீழாக நிற்கும், கூட்டுத்தொகை 17.

ஈய எழுத்து மறைந்தாலும் கணக்கு மறையவில்லை. 1980-களின் நடுவில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் அச்சு மொழி பரவியது. அதில் ஒவ்வொரு பக்கமும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறிப்பு வரி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஆங்கஸ் டக்கன் என்பவர், கணிப்பொறியில் ஒரு வரிக் கட்டளையாகத் தட்டச்சு செய்யக்கூடிய சிறு கருவிகளை எழுதி இலவசமாக வழங்கினார். அவற்றுள் ஒன்று ‘பிஎஸ்புக்’. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. குறிப்பு வரிகளைப் பார்த்துப் பக்கங்களை மடிப்பு வரிசைக்கு மாற்றிவிடும். எண்ணிக்கை நான்கால் வகுபடாவிட்டால் வெற்றுப் பக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். உடன்பிறப்பான ‘பிஎஸ்நப்’ இரண்டிரண்டு பக்கங்களைச் சுருக்கி ஒரு தாளில் வைக்கும். இன்று பிடிஎஃப் கோப்புகளுக்கு ‘பிடிஎஃப்ஜாம்’ போன்ற கருவிகள் அதே பணியைச் செய்கின்றன.

ஏ4 தாளை மடித்தாலும் பக்கத்தின் வடிவம் மாறாதது இங்கே பெரும் வசதி. நீள அகல விகிதம் இரண்டின் வர்க்கமூலமாக இருந்தால்தான் இது இயலும். இதை 1786-லேயே ஒரு கடிதத்தில் எடுத்துக்காட்டியவர், நம் துறையினரான ஜெர்மானிய இயற்பியலர் லிக்டன்பெர்க்.

என் மாணவர்களின் ஆய்வகக் கையேடு 38 பக்கங்கள். முதல் முறை எண்களைக் கையாலேயே வரிசைப்படுத்தினேன். வெற்றுப் பக்கங்களை மறந்து 38 என்றே கணக்கிட்டதில் கையேடு குழம்பிப் போயிற்று. அடுத்த முறை கட்டளையைக் கொடுத்தேன். 40, 1, 2, 39, 38, 3 என்று சரியாக வந்தது. ஆனால் தாளை நீண்ட விளிம்பில் திருப்பும்படி அச்சுப்பொறிக்குச் சொல்லிவிட்டதால் பின்பக்கங்கள் எல்லாம் தலைகீழ்! குறுகிய விளிம்பில் திருப்பிய மூன்றாம் முயற்சியே வென்றது.

அந்தக் கையேட்டில் பத்துத் தாள்கள் ஒன்றனுள் ஒன்றாக மடிந்திருக்கின்றன. உள்ளே போகப்போக விளிம்பு சற்று வெளியே நீள்கிறது. நடுத்தாள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் துருத்தி நிற்கிறது. தடித்த நூல்களைச் சிறு சிறு கட்டுகளாகத் தைப்பது இதனால்தான். பிஎஸ்புக்கிலும் கட்டின் அளவைக் குறிப்பிட வழி உண்டு. கையேட்டின் முதல் சோதனை, திருகு அளவியால் தாளின் தடிப்பை அளப்பது. இப்போதெல்லாம் மாணவர்கள் கையேட்டின் தாளையே அளந்து, நடுத்தாள் எவ்வளவு துருத்தும் என்று கணக்கிட்ட பிறகே அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள்.