தபால் பையில் வந்த டேப் ரிக்கார்டர்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டர், வால்வு ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு பிளேயர் என்று ஏதாவது வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசிவரை படித்துவிடுங்கள். என்றைக்காவது அதை வெளியூருக்கு அனுப்ப வேண்டி வந்தால் உதவும்.

அமெரிக்காவில் டேப் ஒலிப்பதிவு காலூன்றியதற்கு, ஒரு மனிதர் ஒழுங்காகக் கட்டி அனுப்பிய சில பார்சல்கள் பெரிய காரணம் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஜாக் முல்லின். மின் பொறியாளர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்து இங்கிலாந்தில் இருந்தார். இரவு வெகுநேரம் வேலை பார்க்கும்போது ரேடியோ கேட்பது வழக்கம். நள்ளிரவுக்குமேல் பிபிசி அடங்கிவிடும். ஜெர்மன் நிலையங்களில் மட்டும் அந்நேரத்திலும் முழு ஆர்க்கெஸ்ட்ரா இசை வந்துகொண்டிருக்கும். அர்த்தராத்திரியில் இத்தனை கலைஞர்களை யார் உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள்? இசைத்தட்டு என்று வைத்துக்கொண்டால் ஊசியின் கரகரப்பு கேட்க வேண்டும். தட்டு மாற்றும் இடமாவது தெரிய வேண்டும். இரண்டும் இல்லை. முல்லினுக்கு இது புதிராகவே இருந்தது.

1945இல் போர் முடிந்தபிறகு, ஜெர்மானியர்களின் மின்னணுக் கருவிகளை ஆராயும் வேலை அவருக்குக் கிடைத்தது. பிராங்க்பர்ட் பக்கம் போயிருந்தபோது ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, பாத் நவ்ஹைம் என்ற ஊரில் இருக்கும் வானொலி நிலையத்தில் அருமையான ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது, போய்க் கேளுங்கள் என்றார். முல்லின் வண்டியை அந்தப் பக்கம் திருப்பினார். அங்கே இருந்ததுதான் மேக்னடோஃபோன். அவருடைய நள்ளிரவுப் புதிருக்கு விடை அதுதான்.

இந்தக் கருவி ஒரே நாளில் வந்ததல்ல. 1928இல் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் காகித நாடாவில் இரும்புத் தூள் பூசி ஒலியைப் பதியும் முறைக்கு ஜெர்மனியில் காப்புரிமை பெற்றார். ஏ.இ.ஜி. நிறுவனம் அதற்கான இயந்திரத்தைச் செய்தது, பி.ஏ.எஸ்.எஃப். டேப்பைத் தயாரித்தது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை மக்களுக்குக் காட்டினார்கள். அப்போது ஒலித்தரம் சுமார்தான், இரைச்சல் அதிகம். 1940இல் ஜெர்மன் வானொலியின் பொறியாளர் வால்டர் வேபர், பதியும்போது ஒலியோடு உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தால் இரைச்சல் வெகுவாகக் குறைவதைக் கண்டார். வேபர் திருத்திய அந்த ஒலியைத்தான் முல்லின் இரவில் கேட்டிருக்கிறார்.

இரண்டு மேக்னடோஃபோன்களையும் 50 டேப் சுருள்களையும் அவர் தமக்கென்று சேர்த்துக்கொண்டார். போர் நினைவுப் பொருள் என்ற பெயரில் சிப்பாய்கள் இப்படி வீட்டுக்கு அனுப்ப ராணுவத்தில் அனுமதி உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: அனுப்பும் பொருள் தபால் பைக்குள் அடங்க வேண்டும்.

மேக்னடோஃபோன் பைக்குள் அடங்குகிற சாமானா? மூன்று மோட்டார்கள் உள்ள இயந்திரம் அது. நாடாவை இழுக்க ஒன்று, இரண்டு பக்கச் சுருள்களுக்கும் ஒவ்வொன்று. அதுபோக ஆம்ப்ளிஃபயர், டிரான்ஸ்ஃபார்மர். எல்லாம் இரும்பும் செம்பும்.

முல்லின் இரண்டு இயந்திரங்களையும் பிரித்தார். மோட்டார்களுக்குச் சிறுசிறு மரப்பெட்டிகள் செய்தார். பாகம் பாகமாகப் பல பார்சல்களாகக் கட்டி, சான்பிரான்சிஸ்கோவில் இருந்த தம் வீட்டுக்கு அனுப்பினார். கடல் கடந்து, எத்தனையோ கை மாறி, எல்லாம் வந்து சேர்ந்தன.

பைக்குள் அடங்க வேண்டும் என்ற விதி அவருக்குத் தொல்லையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த விதியே இயந்திரத்தைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒரு பெட்டி 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுகிறது. லாரியிலிருந்து இறக்கும்போது கை நழுவினால் அவ்வளவு உயரம் இருக்கும். விழுந்த பெட்டி 1 சென்டிமீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வையுங்கள். விழுந்த உயரத்தை நசுங்கிய தூரத்தால் வகுத்தால் 75. அதாவது, அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகமும் தன் எடையைப்போல் சுமார் 75 மடங்கு இழுக்கும். 3 கிலோ டிரான்ஸ்ஃபார்மர் 225 கிலோவாகிவிடும். அதைத் தாங்க வேண்டியது ஒரு தகரத் தட்டும் நான்கு திருகாணிகளும். அதே பெட்டிக்குள் நல்ல ஃபோம் இருந்து, 5 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் 15 மடங்குதான். டிரான்ஸ்ஃபார்மரின் இழுவை 45 கிலோவோடு நின்றுவிடும்.

இதனால்தான் பழைய ஆடியோ சாதனங்கள் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்து, உள்ளே நொறுங்கிக் கிடக்கின்றன. அடி வெளியிலிருந்து வருகிறது; உடைப்பது உள்ளே இருக்கும் கனம். மோட்டாரைக் கழற்றித் தனிப்பெட்டியில் வைத்துவிட்டால், அது இழுத்து உடைக்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. முல்லின் செய்தது அதைத்தான்.

பார்சல்கள் வந்து சேர்ந்ததால் நடந்ததைக் கேளுங்கள். முல்லின் இயந்திரங்களை மறுபடி பூட்டினார். மின்சுற்றுகளைத் தம் முறையில் திருத்தினார். 1946 மே 16 அன்று சான்பிரான்சிஸ்கோவில் ரேடியோ பொறியாளர்கள் கூட்டத்தில் இயக்கிக் காட்டினார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பிறகு பாடகர் பிங் கிராஸ்பியின் ஆட்கள் காதுக்குச் செய்தி போனது.

கிராஸ்பிக்கு ஒரு தலைவலி இருந்தது. வாராவாரம் வானொலியில் நேரடியாகப் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே பதிந்து வைக்க விரும்பினார். பெரிய தட்டுகளில் பதிந்து பார்த்தார்கள். வேண்டாத இடத்தை நீக்கித் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்ற மாற்ற ஒலி மங்கியது. டேப்பில் அந்தத் தொல்லை இல்லை. கத்தரித்து ஒட்டினால் போதும். 1947 அக்டோபரில் தொடங்கிய அவருடைய நிகழ்ச்சி வரிசையை முல்லின்தான் பதிந்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அதே இரண்டு இயந்திரங்கள், அதே 50 சுருள்கள். வேறு டேப் கிடையாது. துண்டுகளைக்கூடத் தூக்கி எறியாமல் ஒட்டி ஒட்டிப் பயன்படுத்தினார்கள்.

மேக்னடோஃபோன் வழியிலேயே ஆம்பெக்ஸ் என்ற சிறிய நிறுவனம் அமெரிக்காவில் ரிக்கார்டர் செய்யத் தொடங்கியது. கிராஸ்பி அதற்கு 50,000 டாலர் கொடுத்தார். 1948இல் ஆம்பெக்ஸ் 200 வெளிவந்தது. வானொலி நிலையங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் டேப்புக்கு மாறின. அந்தப் பார்சல்களில் இரண்டு மூன்று வழியில் உடைந்திருந்தாலும் டேப் ஒருநாள் அமெரிக்காவுக்கு வந்திருக்கும். ஆனால் இந்த வழியில், இத்தனை சீக்கிரம் வந்திருக்காது.

இப்போது நம் வீட்டு விஷயம். பழைய மாணவர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "சார், அப்பாவோட ஸ்பூல் ரிக்கார்டரை பார்சல்ல அனுப்பணும். பபிள் ராப் நாலு சுத்து சுத்தினா போதுமா?"

போதாது என்றேன். பபிள் ராப் 1957இல் அமெரிக்காவில் இரண்டு பொறியாளர்கள் சுவரொட்டுக் காகிதம் செய்யப்போய்க் கிடைத்த பொருள். கண்ணாடி டம்ளருக்கு அருமையானது. 20 கிலோ இயந்திரத்தின் கீழே வைத்தால், பாரம் தாங்காமல் குமிழிகள் வழியிலேயே வெடித்துத் தட்டையாகிவிடும். கசக்கிய செய்தித்தாளும் அப்படித்தான், இரண்டு நாளில் அமுங்கிவிடும். தெர்மாகோல் உருண்டைகளைக் கொட்டினால், குலுங்கக் குலுங்கக் கனமான பொருள் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் போட்டோ எடுங்கள். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று. திருகாணிகளைச் சிறு கவர்களில் போட்டு, எந்த இடத்துத் திருகாணி என்று எழுதிவையுங்கள்.

கழற்ற முடிந்த கனத்தையெல்லாம் கழற்றுங்கள். ரிக்கார்டு பிளேயர் என்றால் சுழலும் தட்டு, ஊசிக் கையின் பின்னால் இருக்கும் எடை. கையை அதன் தாங்கியோடு மெதுவாகக் கட்டுங்கள். ஊசிக்கு மூடி போடுங்கள். பல மாடல்களில் பயணத்துக்கென்றே திருகாணிகள் உண்டு. வில்களின்மேல் ஆடும் பகுதியை அவை அசையாமல் பிடித்துக்கொள்ளும். அனுப்பும்முன் அவற்றை முடுக்குங்கள். போய்ச் சேர்ந்ததும் மறக்காமல் தளர்த்தச் சொல்லுங்கள். வாங்கும்போது வந்த கையேட்டில் இதெல்லாம் எழுதியிருக்கும். அந்தக் கையேட்டைத்தான் நாம் முதலில் தொலைப்போம்.

வால்வுகளைப் பிடுங்கி, எது எந்த இடம் என்று குறித்து, தனித்தனியாகச் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்ற வழியில்லை என்றால் அதன் திருகாணிகளை முடுக்கிவிட்டு, கனமான பக்கம் கீழே வருமாறு வையுங்கள்.

பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டியில் சாதனம் இம்மியும் அசையக் கூடாது. வெளிப்பெட்டிக்கும் உள்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் கெட்டியான ஃபோம். 5 சென்டிமீட்டர் நசுங்க வேண்டுமென்றால் ஃபோம் அதைவிடத் தடிமனாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ரொம்பக் கனமென்றால் வெளிப்பெட்டி மரமாக இருக்கட்டும். மூடியபின் தூக்கி லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் பிரித்துத் திரும்பக் கட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. டேப்புகளை மெஷினோடு சேர்த்து அனுப்பாதீர்கள். தனிப்பெட்டியில், புத்தகம் அடுக்குவதுபோல் நிற்க வைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. அதிலுள்ள காந்தம் பதிவை அழித்துவிடும். அனுப்புவதற்குமுன் யாரிடமாவது கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. மெஷின் உடைந்தால் தேடிப்பிடித்து இன்னொன்று வாங்கிவிடலாம். 1972இல் உங்கள் பாட்டி பாடிய தாலாட்டு அந்த ஒரு சுருளில் மட்டும்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் என்ன மெஷின் இருக்கிறது, அது எந்த ஊரிலிருந்து எப்படி வந்து சேர்ந்தது என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.